மரை மேலே, தேய்மானம் கீழே: பழைய ரோடு சைக்கிளுக்கு ஹெட்செட் தேடும் கதை

சைக்கிளின் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில்பாரை ஒற்றை விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். நன்றாக இருந்தால் அது வழுக்கிக்கொண்டு போய் ஒரு பக்கம் சாயும். முப்பது நாற்பது வருடம் ஓடிய ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பாதி வழியில், சக்கரம் நேராக வந்ததும், ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியதுபோல "டக்" என்று நின்றுவிடும். ஓட்டும்போது இது இன்னும் நன்றாகத் தெரியும். நேராகப் போகும்வரை சைக்கிள் சமர்த்தாக இருக்கும். கொஞ்சம் விலக வேண்டுமென்றால் மட்டும் முரண்டு பிடிக்கும்.

இந்த முரண்டுக்குக் காரணமான உறுப்பின் பெயர் ஹெட்செட். காதில் மாட்டுவதைச் சொல்லவில்லை. சைக்கிளிலும் இந்தப் பெயர் நெடுங்காலமாக உண்டு. ஆனாலும் இணையத்தில் இந்த ஒற்றைச் சொல்லைப் போட்டுத் தேடினால் பாட்டுக் கேட்கும் சாமான்தான் வந்து குவியும். அதைத் தாண்டிப் போனால்தான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஃபிரேமின் முன்னால் நிற்கும் குட்டைக் குழாய் ஹெட் டியூப். அதற்குள் கீழிருந்து மேலே வருவது, முன் சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கின் தண்டு; அதற்கு ஸ்டீரர் என்று பெயர். இந்தத் தண்டு ஹெட் டியூபுக்குள் உரசாமல் திரும்ப, மேலே ஒரு பால்ரஸ், கீழே ஒரு பால்ரஸ். கீழ்ப்பக்கம் ஹெட் டியூபின் வாயில் அழுத்தி ஏற்றிய ஒரு கப், ஃபோர்க்கின் தோளில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் கிரவுன் ரேஸ் என்ற வளையம், இரண்டுக்கும் நடுவே குண்டுகள். மேற்பக்கம் இன்னொரு கப், குண்டுகள், ஸ்டீரரின் மரையில் திருகி இறக்கும் மேல் ரேஸ், ஒரு வாஷர், எல்லாவற்றையும் பூட்டும் லாக்நட். 1990-களின் தொடக்கத்தில் டயா-காம்ப் நிறுவனம் மரையே இல்லாத ஏஹெட்செட் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது பரவப் பரவ மரை போட்ட ஹெட்செட்டுக்கு மவுசு குறைந்தது. இன்று புதிதாகக் கிடைப்பவை சில வகைகள்தான், அவற்றிலும் பெரும்பாலானவற்றின் மேல் "1 அங்குலம்" என்று மட்டும் எழுதியிருக்கும்.

வம்பு அந்த எழுத்தில்தான் இருக்கிறது. பழைய ரோடு சைக்கிள்களில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரு அங்குலம்தான். ஸ்டீரரின் வெளிவிட்டத்தை மட்டும் சொல்லும் அளவு அது. ஹெட்செட்டோ ஃபிரேமோடும் ஃபோர்க்கோடும் மூன்று இடங்களில் சம்பந்தம் கலக்கிறது: ஸ்டீரரின் மரை, ஃபோர்க்கின் தோள், ஹெட் டியூபின் வாய். மூன்றுக்கும் தனித்தனி அளவு. ஒன்று பொருந்தினால் மற்றவையும் பொருந்திவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

முதலில் ஜப்பானியச் சைக்கிள்களைப் பார்த்துவிடலாம். மக்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். 1970-களிலும் 80-களிலும் வந்த மியாட்டா, ஃபூஜி போன்ற ஜப்பானியச் சைக்கிள்களில் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவு பரவலாக இருந்தது. ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அளவுக்கும் இதற்கும் மரையில் வித்தியாசமே கிடையாது. இரண்டிலும் 25.4 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. அதனால் ஐ.எஸ்.ஓ. ஹெட்செட்டின் லாக்நட்டை எடுத்து ஜப்பானிய ஃபோர்க்கில் வைத்தால் வெண்ணெய்போல் இறங்கும். "ஆகா, பொருந்திவிட்டது" என்று காசைக் கொடுத்து வாங்கிவந்து கிரவுன் ரேஸைத் தோளில் உட்கார வைக்கப் பார்த்தால், அது பாதியில்கூட நிற்காது, வாசலிலேயே நின்றுவிடும். ஐ.எஸ்.ஓ. கிரவுன் ரேஸின் உள்விட்டம் 26.4 மி.மீ.; ஜே.ஐ.எஸ். ரேஸுக்கு 27.0. தோள் எப்போதும் ரேஸைவிட 0.1 மி.மீ. அளவுக்குப் பெரிதாக இருக்கும், அந்த இறுக்கத்தில்தான் ரேஸ் நிற்கிறது. ஆக 27.1 தோளில் 26.4 வளையத்தை ஏற்றச் சொல்கிறோம். சுத்தியலால் அடித்தால் ஏறும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ரேஸ் வெடிக்கும், அவ்வளவுதான். கப்பிலும் இதே கதை, கொஞ்சம் சின்ன எழுத்தில்: ஐ.எஸ்.ஓ. கப் 30.2 மி.மீ., ஜே.ஐ.எஸ். கப் 30.0.

இந்த எண்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். ஜப்பானிய ஃபோர்க்கின் தோள் பெரிது, ஹெட் டியூபின் துளை சிறிது. இரண்டு இடத்திலும் உலோகம் கூடுதலாக இருக்கிறது. தோளைக் கடைந்து 26.5 ஆக்கலாம், ஹெட் டியூபை உட்பக்கம் சீவி 30.1 ஆக்கலாம், இரண்டுக்கும் தனிக் கருவி உண்டு, பழைய சைக்கிள் வேலை தெரிந்த பட்டறைகளில் அது இருக்கும். அப்படிச் செய்தால் ஜப்பானிய சைக்கிள் ஐ.எஸ்.ஓ. சைக்கிளாகிவிடும். எதிர்த்திசையில் போக முடியாது. ஐ.எஸ்.ஓ. ஃபிரேமில் ஜே.ஐ.எஸ். கப் கையாலேயே உள்ளே போய் லொடலொடவென்று ஆடும்; சீவியதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. எனக்கென்னவோ ஃபிரேமைச் சீவுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளத்தான் மனம் வருகிறது. ஜே.ஐ.எஸ். அளவில் புது ஹெட்செட் இன்றும் வருகிறது. டாங்கே நிறுவனத்தின் எளிய லெவின் வகையே இரண்டு அளவிலும் கிடைத்திருக்கிறது. அளவு பார்த்து வாங்கினால் சீவ வேண்டிய அவசியமே இல்லை.

இத்தாலியச் சைக்கிள்களில் பயம் அதிகம், தொல்லை குறைவு. பழைய பியாங்கியோ கொல்னாகோவோ வைத்திருப்பவர்கள் "இத்தாலிய மரை" என்ற சொல்லைக் கேட்டதும் கலங்கிவிடுகிறார்கள். பெடல் அச்சுக் கூட்டில் அந்தக் கலக்கத்துக்கு அர்த்தம் உண்டு. ஹெட்செட்டில் விட்டமும் ஒன்றே, மரை எண்ணிக்கையும் ஒன்றே. மரையின் பள்ளத்துக் கோணம் மட்டும் 60 பாகைக்குப் பதில் 55. நடைமுறையில் ஐ.எஸ்.ஓ. ஹெட்செட் போட்டு ஓட்டலாம், ஓட்டிக்கொண்டும் இருக்கிறார்கள்.

உண்மையான தலைவலி இரண்டு பேர்: பழைய பிரெஞ்சுச் சைக்கிளும், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த ராலேயும்.

பிரெஞ்சு ஸ்டீரரின் விட்டம் 25.0 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி சரியாக 1 மி.மீ. 1980-களின் நடுப்பகுதிவரை பியூஜோ, ஜிதான், மோட்டோபெகான் என்று பெரிய பெயர்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். ராலேயில் விட்டம் வழக்கமான 25.4 தான், ஆனால் அங்குலத்துக்கு 26 மரை. அந்த ஆலை தன் பெடல் அச்சுக் கூட்டுக்கும் 26 மரையே போட்டது. வெளியிலிருந்து சாமான் வாங்க வேண்டிய தேவை அதற்கு அதிகம் இருக்கவில்லை. இதிலும் ஒரு கிளைக்கதை உண்டு. ராலே பெயரில் வந்த உயர்ரகப் பந்தய சைக்கிள்கள் சில நாட்டிங்ஹாமில் செய்யப்படவில்லை. வொர்க்ஸாப் என்ற ஊரிலிருந்த கார்ல்டன் பட்டறையில் செய்யப்பட்டன. அவற்றில் 24 மரை. ஒரே சின்னம், ஒரே பெயர், இரண்டு மரை. ஹெட் டியூபில் ஒட்டியிருக்கும் சின்னத்தைப் பார்த்து ஹெட்செட் வாங்காதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மரையை எண்ணுங்கள். லாக்நட்டையும் மேல் ரேஸையும் கழற்றிவிட்டு, ஸ்டீரரின் மரையை டீசலில் நனைத்த பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பல ஆண்டு மசகு கருப்பாக வழிந்து, மேடும் பள்ளமும் பளிச்சென்று தெரியும். வெர்னியர் காலிப்பரின் ஒரு முனையை ஒரு மேட்டின் உச்சியில் வைத்து, அங்கிருந்து பத்து இடைவெளி எண்ணி மறு முனையை நிறுத்துங்கள். 10.6-ஐ ஒட்டி வந்தால் 24 மரை. பத்து என்று வந்தால் பிரெஞ்சு. 9.8-ஐ ஒட்டி வந்தால் ராலேயின் 26. ஒரு மரையை மட்டும் அளந்து கண்டுபிடிக்கப் பார்த்தால் வித்தியாசம் மயிரிழை. பத்தைச் சேர்த்து அளக்கும்போது அது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. விட்டத்தை அளக்கும்போது 25.4 என்று துல்லியமாக வரவில்லையே என்று பதற வேண்டாம். மரையின் உச்சி எப்போதும் பெயரளவைவிடக் கொஞ்சம் மழுங்கியே இருக்கும், 25.2, 25.3 என்று காட்டினாலும் அது ஒரு அங்குல ஸ்டீரர்தான். பிரெஞ்சு ஸ்டீரர் 25-ஐத் தொடாமல் அதற்குச் சற்றுக் கீழே நிற்கும்.

வேறு தடயங்களும் உண்டு. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை உருவினால், அதன் தண்டில் பல நேரங்களில் 22.0 அல்லது 22.2 என்று பொறித்திருக்கும். 22.0 என்றால் பிரெஞ்சு. லாக்நட்டுக்கு அடியில் இருக்கும் வாஷர் சுழலாமல் இருக்க, மற்ற நாட்டு ஸ்டீரரில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள், வாஷரின் பல் அதற்குள் போகும். பிரெஞ்சு ஸ்டீரரில் காடிக்குப் பதில் பின்பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பது வழக்கம். இவையெல்லாம் சாட்சிகள்தான். தீர்ப்பு சொல்ல வேண்டியது காலிப்பர்.

"ஏறுகிறதா என்று திருகிப் பார்த்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. 24 மரை லாக்நட் பிரெஞ்சு ஸ்டீரரைவிட 0.4 மி.மீ. அகலமானது. ஆகவே அது ஏறும், ஏறுவதுதான் ஆபத்து. மரையின் பக்கங்கள் முழுதாகக் கவ்வாமல் ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு, கையால் திருகும்வரை நல்ல பிள்ளையாக இருக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்கும்போது மரை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நட்டின் மரை போனால் நட்டோடு போகும். ஸ்டீரரின் மரை போனால் ஃபோர்க்கே போச்சு.

இங்கேதான் தலைப்பில் சொன்ன விஷயம் கைகொடுக்கிறது. ஹெட்செட்டை ஒரே சாமானாக நினைத்து முழு செட்டைத் தேடுகிறோம். தேய்வது எந்தப் பாதி, கிடைக்காதது எந்தப் பாதி என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு. சாலையின் அடியெல்லாம் வாங்குவதும், முன் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும் மணலும் போய்ச் சேர்வதும் கீழ் பால்ரஸுக்கு. அங்கே மரையே கிடையாது. மரை இருப்பது மேலே. அங்கே தேய்மானம் குறைவு. பிரெஞ்சுச் சைக்கிளின் கப் அளவு 30.2, தோள் 26.5-ஐ ஒட்டியது. அதாவது ஐ.எஸ்.ஓ. ஹெட்செட்டின் கீழ்க் கப்பும் கிரவுன் ரேஸும் பெரும்பாலான பிரெஞ்சு ஃபிரேம்களில் பொருந்திவிடும். பொருந்தாதவை மேல் ரேஸும் லாக்நட்டும் மட்டும்தான், அவையோ ஏற்கெனவே உங்கள் சைக்கிளில் நல்ல நிலையில் இருக்கின்றன. சாதாரண ஐ.எஸ்.ஓ. செட் ஒன்று வாங்கி, அதன் கீழ்ப்பாதியைப் போட்டு, பழைய மேல்பாதியைக் கழுவிப் புதுக் குண்டுகளோடு திரும்ப மாட்டினால் வேலை முடிந்தது. ராலேக்கும் இதே வைத்தியம்தான். மாட்டும் முன் தோளையும் ஹெட் டியூபின் வாயையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். கீழ்க் கப்பும் கிரவுன் ரேஸும் ஒரே செட்டிலிருந்து வர வேண்டும். ஒன்று பழசு ஒன்று புதுசு என்று கலந்தால் குண்டு ஓடும் தடம் ஒத்துப்போகாது.

26 மரை ஸ்டீரரில் மரை வெட்டும் அச்சை ஓட்டி 24 மரை வெட்டிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை அவ்வப்போது காதில் விழும். பழைய மரையின் மேல் புது மரை குறுக்கே போகும்போது மிஞ்சுவது அரைகுறை மேடுகள். முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம் என்பேன்.

மரை, தோள், கப் மூன்றும் சரியாக வந்த பிறகும் ஒரு அளவு பாக்கி: உயரம். ஃபோர்க்கைக் கழற்றி, ஸ்டீரரைத் தோளிலிருந்து உச்சிவரை அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து ஹெட் டியூபின் நீளத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் ஹெட்செட்டுக்கு உங்கள் சைக்கிள் ஒதுக்கியிருக்கும் இடம். ஸ்டீரர் 172, ஹெட் டியூப் 135 என்றால் 37 மி.மீ. வாங்கப்போகும் ஹெட்செட்டின் உயரம் 35 என்றால் கவலையில்லை, இரண்டு மி.மீ. வாஷர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்காமல் விட்டால் லாக்நட்டின் உள் விளிம்பு ஸ்டீரரின் உச்சியில் முட்டிக்கொண்டு, கீழே எதையும் பூட்டாமல் இறுகிவிட்டதுபோல் நடிக்கும். ஹெட்செட் 39.5 என்றால் சிக்கல் மறுபக்கம். ஒரு சுற்றுக்கு நட் இறங்குவது ஏறக்குறைய 1.06 மி.மீ. ஆகவே 2.5 மி.மீ. பற்றாக்குறை என்றால் இரண்டு சுற்றுக்கு மேல் மரைப்பிடிப்பு போய்விடும். லாக்நட்டில் மொத்தம் இருப்பதே சில சுற்றுகள். பழைய பிரேக் வயர் தாங்கியோ ரிஃப்ளெக்டர் தகடோ நடுவில் உட்கார்ந்திருந்தால் அதை எடுத்துவிட்டு இடம் தேடலாம். இல்லையென்றால் குட்டையான வேறு ஹெட்செட்தான் வழி. சைக்கிளில் முதலிலிருந்தே இருந்த ஹெட்செட் கையில் இருந்தால் அதன் உயரமே நல்ல வழிகாட்டி.

இத்தனை தேடலுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, நான் வேண்டுமென்றே பின்னால் வைத்தேன்: ஹெட்செட்டை மாற்றத்தான் வேண்டுமா? ஆரம்பத்தில் சொன்ன அந்த "டக்", கிரவுன் ரேஸிலும் கீழ்க் கப்பிலும் விழுந்த பள்ளங்களால் வருவது. குழியில் சக்கரம் விழுந்து விழுந்து குண்டுகள் சுத்தியல்போல் அடித்ததால் வந்த வடு என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். சைக்கிள் சக்கரத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அமெரிக்கப் பொறியாளர் ஜோப்ஸ்ட் பிராண்ட் இதை மறுத்து நிறைய வாதாடினார். நேராகவே போகும் நீண்ட பயணத்தில் ஹேண்டில்பார் திரும்புவதே இல்லை, குண்டுகள் ஒரே இடத்தில் நிற்கின்றன. சாலை அதிர்வில் ஃபோர்க் முன்னும் பின்னும் மிக நுட்பமாக வளைந்து நிமிர்வதால், குண்டுக்கும் ரேஸுக்கும் நடுவிலிருந்த கிரீஸ் பிதுங்கி வெளியேறி, உலோகத்தோடு உலோகம் உரசித் தின்கிறது என்பது அவர் விளக்கம். வடுக்கள் சக்கரம் நேராக இருக்கும் நிலையில் மட்டும் இருப்பதையும், அவை முன்பக்கமும் பின்பக்கமும் ஆழமாக இருப்பதையும் பார்க்கும்போது அவர் சொன்னதில்தான் பொருத்தம் தெரிகிறது.

விளக்கம் எதுவானாலும், பள்ளங்கள் ஆழமாக இல்லையென்றால் ஒரு பழைய மெக்கானிக் வித்தை இருக்கிறது. பல ஹெட்செட்டுகளில் குண்டுகள் ஒரு தகட்டுக் கூண்டில் கோத்து வரும். கூண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே அளவுக் குண்டுகளை உதிரியாக, கிரீஸில் ஒட்டவைத்து அடுக்குங்கள். வட்டம் நிறைந்ததும் ஒன்றை எடுத்துவிடுங்கள், நகர இடம் வேண்டும். கூண்டில் இருந்ததைவிட இப்போது எண்ணிக்கை கூடியிருக்கும். எண்ணிக்கை மாறியதால் எல்லாக் குண்டும் ஒரே நேரத்தில் பழைய பள்ளத்தில் விழ முடியாது. ஒன்று விழும்போது பக்கத்திலிருப்பது மேட்டில் நிற்கும். "டக்" போய்விடும், சில நேரம் பல வருடங்களுக்கு. குண்டின் அளவை மட்டும் அளந்து பார்த்து வாங்க வேண்டும். பெரும்பாலான ஒரு அங்குல ஹெட்செட்டுகளில் 5/32 அங்குலம், அதாவது 3.97 மி.மீ. கம்பான்யோலோ நிறுவனத்தின் ரெக்கார்ட் ஹெட்செட்டில் 3/16 அங்குலம், 4.76 மி.மீ. பழைய குண்டு நசுங்கியிருக்கலாம் என்பதால் நான்கைந்தை அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராங்லைட் நிறுவனத்தின் ஏ9 போன்ற ஹெட்செட்டுகளில் குண்டே இருக்காது, ஊசி உருளைகள் இருக்கும். பளு ஒரு புள்ளியில் விழாமல் ஒரு கோட்டில் பரவுவதால் இந்தப் பள்ள நோய் அவற்றை அவ்வளவாக அண்டுவதில்லை. பிரெஞ்சு அளவில் அது நல்ல நிலையில் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

மாட்டும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கப்பைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் சாய்ந்து ஏறும். நீண்ட மரைக்கம்பி ஒன்றையும் கனத்த வாஷர்கள் இரண்டையும் வைத்து இருபுறமிருந்தும் இறுக்கி இழுத்தால் நேராகப் போய் உட்காரும். இரண்டாவது, ஸ்டெம். அதன் அடியிலுள்ள ஆப்பு ஸ்டீரரின் மரைப் பகுதிக்குக் கீழே போய் விரிய வேண்டும். மரை வெட்டிய இடத்தில் குழாயின் சுவர் மெலிந்திருக்கும். அங்கே ஆப்பு விரிந்தால் ஸ்டீரர் புடைத்து லாக்நட்டையே கழற்ற முடியாமல் செய்துவிடும், இன்னும் மோசமானால் விரிசல் விடும்.

கடைசியாக இறுக்கம். மேல் ரேஸைக் கையால் இறக்கி, ஆட்டமும் இல்லை, பிடிப்பும் இல்லை என்ற இடத்தில் நிறுத்தி லாக்நட்டை இறுக்கினால், திருப்பிப் பார்க்கும்போது பிடித்துக்கொண்டிருக்கும். முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் இதில் குழம்புவார்கள், நானும் குழம்பியிருக்கிறேன். லாக்நட் இறுகும்போது மரைக்குள் இருக்கும் மயிரிழை இடைவெளியை அடைத்துக்கொண்டு மேல் ரேஸைக் கீழே தள்ளுகிறது. அதனால் ரேஸைக் கொஞ்சம் லூஸாகவே விட்டு, அதை ஒரு 32 மி.மீ. ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, லாக்நட்டை இன்னொன்றால் இறுக்க வேண்டும். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கீழ்க் கப்பும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் விரலை வைத்திருந்தால் ஆட்டம் இருப்பது அங்கே தெரியும். இருந்தால் ரேஸைக் கால்வாசிச் சுற்றில் கால்வாசி இறக்கி மறுபடி பூட்டுங்கள். மூன்று நான்கு முறை ஆகும். முன் சக்கரத்தைத் தூக்கி விரலால் தள்ளும்போது ஹேண்டில்பார் எங்கும் நிற்காமல் சாய்ந்தால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிடலாம்.